வாகனமில்லாக் கடலோரப் பாதையில் நான்கு ஆண்டுகள்: ஒரு பயண மிதிவண்டியின் கணக்கு

நான்கு ஆண்டுகளாக ஒரே மிதிவண்டியை, பெரும்பாலும் ஒரே வகைப் பாதையில் ஓட்டி வருகிறேன். கடலோர இயற்கைக் காப்பகத்தின் ஊடே செல்லும் அந்தப் பாதையில் மோட்டார் வாகனங்களுக்கு அனுமதி இல்லை. வண்டி நெடும்பயணத்துக்கென்றே செய்யப்பட்டது: எஃகுச் சட்டகம், சக்கரத்துக்கு 36 ஸ்போக்ஸ், கம்பியால் இயங்கும் டிஸ்க் பிரேக், முன்னும் பின்னும் பைகளைத் தொங்கவிடக் கேரியர்கள். மீட்டர் இன்று 11,400 கிலோமீட்டர் காட்டுகிறது. வாங்கிய முதல் மாதத்தில் எழுதியிருந்தால் இது பாதையின் அமைதிக்கு ஒரு புகழுரையாக முடிந்திருக்கும். இப்போதோ பெரும்பகுதி உப்பைப் பற்றியே சொல்ல வேண்டியிருக்கிறது.

லாரியும் பேருந்தும் இல்லாத பாதை வண்டிக்கும் எளிதாகவே இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஓட்டுபவருக்கு அது எளிதுதான். பின்னால் என்ன வருகிறது என்று காதைத் தீட்டிக்கொண்டே ஓட்ட வேண்டிய களைப்பு இல்லை என்பது இரண்டாம் நாள் மாலையில் தோள்பட்டையிலேயே தெரிந்துவிடும். ஆனால் அந்த நிம்மதிக்கான உழைப்பை, பயணம் முடிந்த பிறகு வாளியும் துணியுமாக உட்கார்ந்து செய்ய வேண்டியிருக்கிறது.

முதல் ஆண்டில் நான் செய்த தவறு, உலர்ந்திருக்கும் வண்டி சுத்தமாக இருக்கிறது என்று நம்பியதுதான். மழையில்லாத ஒரு நாளில் 50 கிலோமீட்டர் ஓட்டிவிட்டு, துடைக்காமல் கொட்டகையில் நிறுத்தினேன். மறுநாள் காலையில் சங்கிலியின் கண்ணிகளுக்கிடையே ஈரம் மினுங்கியது. பக்கத் தகடுகளில் செம்பழுப்புப் புள்ளிகள் தோன்றியிருந்தன. தண்ணீர் எங்கிருந்தும் சொட்டவில்லை. கடற்காற்று வண்டியில் படியவைத்த உப்புதான் காரணம். காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 விழுக்காட்டைத் தாண்டினால் உப்பின் முக்கியப் பொருளான சோடியம் குளோரைடு தானாகவே நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். கடலுப்பில் கலந்துள்ள மெக்னீசியம் குளோரைடு அதைவிட மிகக் குறைந்த ஈரப்பதத்திலேயே கசியத் தொடங்கும். கடலோர இரவுகளில் இந்த அளவு எளிதில் எட்டப்படுகிறது. ஆகவே, நாம் உறங்கும்போது வண்டி மீண்டும் ஒரு முறை கடல்நீரில் நனைகிறது என்றே கொள்ளலாம்.

அன்றிலிருந்து, எவ்வளவு களைப்பாக இருந்தாலும், இரண்டு வாளி நன்னீரை மேலிருந்து மெதுவாக ஊற்றித் துடைத்த பிறகே வண்டியை உள்ளே எடுத்துச் செல்கிறேன். அழுத்தமாகப் பீய்ச்சும் குழாயைப் பயன்படுத்துவதில்லை. அது உப்பைக் கழுவுவதோடு நிற்காமல், அதைப் பேரிங்குகளின் உறைகளைத் தாண்டி உள்ளேயும் தள்ளிவிடும். சக்கரத்தின் நடுப்பகுதியான ஹப், பெடல்கள் சுழலும் கிராங்க் அச்சு, ஹேண்டில்பாரின் அடிப்பகுதி ஆகிய மூன்றும் இதில் முதலில் பாதிக்கப்படுபவை.

சங்கிலிக்கு எண்ணெயா மெழுகா என்ற கேள்விக்கு நான் நீண்ட நாள் தெளிவான விடை காணவில்லை. எண்ணெய் துருவைத் தடுக்கிறது. ஆனால் பாதையின் நுண்மணலைப் பிடித்துக்கொண்டு, இரண்டு பயணங்களுக்குள் கறுத்த அரைப்புக் கலவையாக மாறி, பற்சக்கரத்தையும் சேர்த்துத் தேய்க்கிறது. உருக்கிய மெழுகில் முக்கியெடுத்த சங்கிலியில் மணல் ஒட்டுவதில்லை. ஆனால் ஒரே ஒரு நனைதலுக்குப் பின் அதைக் கவனிக்காமல் விட்டால் துரு ஏறிவிடுகிறது. வறண்ட மாதங்களில் மெழுகும், மழை மாதங்களில் மிகக் குறைந்த அளவு எண்ணெயும் என்று இப்போது மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறேன். 12 அங்குல நீளத்தில், அதாவது 24 கண்ணிகளில், ஒன்றரை மில்லிமீட்டர் நீண்டுவிட்டால் தேய்மானம் அரை விழுக்காட்டை எட்டிவிட்டது என்று பொருள். அந்த நிலையில் சங்கிலியை மாற்றிவிடுவதால், பின்சக்கரப் பற்சக்கரத் தொகுதியான கேசட் இன்னும் முதலில் வந்ததாகவே இருக்கிறது. சங்கிலிக்குப் பதிலாகப் பட்டை பொருத்திய வண்டிகளுக்குத் துருப்பிடிக்கும் கவலையே இல்லை. ஆனால் பட்டையைக் கழற்றி மாட்டுவதற்காகப் பின்பக்கச் சட்டகத்தில் பிரியும் இணைப்பு இருக்க வேண்டும் என்பதால், என் வண்டியில் அதைப் பொருத்த வழியில்லை.

சீட் தண்டின் கதையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனெனில் அதில் இழந்தது முழுக்க என் அலட்சியத்தால்தான். எஃகுச் சட்டகத்துக்குள் அலுமினியத் தண்டு. இரண்டுக்கும் நடுவே உப்புநீர். வெவ்வேறு உலோகங்கள் உப்புநீரில் தொட்டுக்கொண்டிருந்தால் அது ஒரு சிறு மின்கலமாகவே செயல்படும். அதில் அரிக்கப்படுவது அலுமினியம். அரிப்பில் உண்டாகும் வெண்பொடி, அது உருவான உலோகத்தைவிட அதிக இடத்தை அடைப்பதால், தண்டை ஆப்பு வைத்ததுபோல் இறுக்கிவிடுகிறது. பதினாறு மாதங்கள் அசைக்காமல் விட்டிருந்த தண்டை, இரண்டாம் ஆண்டில் ஒரு விரற்கடை உயர்த்த முயன்றபோது அது நகரவே இல்லை. பழுதுபார்ப்பவர் இரண்டு நாள் ஊடுருவும் எண்ணெய் விட்டு, பிறகு தண்டின் தலையை இறுக்கிப் பிடித்துச் சட்டகத்தையே நெம்புகோலாகத் திருப்பி எடுத்தார். வெளியே வந்த தண்டின் மேல் வெள்ளைச் சுண்ணாம்பு பூசியதுபோல் படிந்திருந்தது. இப்போது மூன்று மாதத்துக்கு ஒரு முறை அதைக் கழற்றிக் கிரீஸ் தடவுகிறேன். பத்து நிமிட வேலை.

சக்கரத்திலும் இதே பாடம் மீண்டும் வந்தது. ஸ்போக்ஸ் கம்பிகளைச் சக்கர விளிம்போடு இறுக்கிப் பிடிக்கும் சிறு மரைகள்தான் நிப்பிள்கள். தொழிற்சாலையில் பொருத்தியிருந்த அலுமினிய நிப்பிள்களில் ஒன்று, சுமையோடு போய்க்கொண்டிருந்தபோது ‘டிங்’ என்ற ஒலியுடன் உடைந்தது. பின்சக்கரத்தில் கேசட் இருக்கும் பக்கத்து ஸ்போக்ஸ் கம்பிகளே அதிக இழுவிசையில் இருப்பவை. அந்தப் பக்கம் ஒன்று போனால் கோட்டம் உடனே தெரியும். டிஸ்க் பிரேக் என்பதால் நிறுத்துவதில் சிக்கல் இல்லை. டயர் மட்டும் மட்கார்டை உரசிக்கொண்டே வந்தது. சாலையாக இருந்தால் யாரையாவது கைகாட்டி நிறுத்தியிருக்கலாம். இங்கே பைகளை முன்னுக்கு மாற்றி, பக்கத்துக் கம்பிகளைச் சற்றுத் தளர்த்தி, 14 கிலோமீட்டரை நடையும் ஓட்டமுமாகக் கடந்தேன். பிறகு எல்லாவற்றையும் பித்தளை நிப்பிள்களாக மாற்றிக்கொண்டேன். எடை கூடியதை நான் உணரவே இல்லை.

டயர் விஷயத்தில் விடை விரைவாகக் கிடைத்தது. வண்டியுடன் வந்த 32 மில்லிமீட்டர் டயரில் இறுக்கிய சரளைக் கற்பாதை மணிக்கட்டு வரை அதிர்ந்தது. 42 மில்லிமீட்டருக்கு மாறி, அழுத்தத்தை 65 பிஎஸ்ஐ-யிலிருந்து 45-க்குக் குறைத்ததும், காற்று பாதையின் மேல் கொண்டுவந்து போடும் மணல் மேடுகளைக்கூடக் கடக்க முடிகிறது. மணலில் முன்சக்கரம் விலகும்போது ஹேண்டில்பாரைத் திருப்பிச் சரிசெய்ய முயன்றால் விழுவது உறுதி. இலகுவான கியரில், உடலைப் பின்னுக்குச் சாய்த்து, மிதிப்பதை நிறுத்தாமல் போக வேண்டும். மரப்பலகைப் பாலங்களில், குறிப்பாக நிழல் விழும் பகுதிகளில், பாசி படிந்திருக்கும் என்பதால் அவற்றின் மேல் பிரேக்கையே தொடாமல், முன்கூட்டியே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறேன்.

காற்றைப் பற்றி ஒரு கணக்கு. மணிக்கு 18 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது அதே வேகத்தில் எதிர்க்காற்று வீசினால், காற்றின் தடை இரு மடங்கு அல்ல, நான்கு மடங்காகிறது. நிலம் சூடேறிய பின் வரும் கடற்காற்று பெரும்பாலும் கரையை நோக்கிக் குறுக்காக வீசுவதால், கரையை ஒட்டிய பாதையில் அது பக்கவாட்டிலிருந்து தாக்குகிறது. அப்போது முன்பைகள் பாய்மரம்போல் செயல்பட்டு ஹேண்டில்பாரைத் தட்டிவிடும். ஆகவே கனமான பொருள்களை முன்பைகளின் அடியில் தாழ்வாக வைக்கிறேன். விடியலில் புறப்பட்டு நண்பகலுக்குள் அன்றைய தூரத்தை முடித்துவிடுகிறேன்.

கடல்நீரின் ஏற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டியிருந்தது. பெரும்பாலான கடற்கரைகளில் இரண்டு ஏற்றங்களுக்கிடையே ஏறத்தாழ 12 மணி 25 நிமிடம் செல்லும் என்பதால் நேரம் நாள்தோறும் தள்ளிப்போகும். அமாவாசையையும் பௌர்ணமியையும் ஒட்டிய நாள்களில் நீர் மிக உயரம் வரை வரும். அத்தகைய ஒரு நாளில், சதுப்பின் தாழ்ந்த பகுதியில் கணுக்கால் ஆழந்தான் என்று நினைத்து இறங்கினேன். நடுவில் நீர் ஹப் வரை வந்துவிட்டது. அன்று நன்றாகக் கழுவியும் பயனில்லை. மூன்று வாரத்தில் முன்சக்கரப் பேரிங் கரகரக்கத் தொடங்கியது. அந்தச் செலவுக்குப் பிறகு ஏற்ற அட்டவணையைப் பார்க்காமல் புறப்படுவதில்லை.

காப்பகத்துக்கே உரிய ஒழுங்குகளும் உண்டு. கடற்கரைப் பறவைகள் பல வெறும் தரையில், கூழாங்கற்களோடு வேறுபாடு தெரியாத முட்டைகளை இடுவதால், இனப்பெருக்கக் காலத்தில் பாதையின் சில பகுதிகள் மூடப்படும். சுற்றிப் போவதற்கு நேரம் ஒதுக்கித் திட்டமிட வேண்டும். ஒரே சீரான வேகத்தில் கடந்து போகும்வரை உள்ளான்கள் என்னும் கரைப்பறவைகள் பெரும்பாலும் தலையைத் தூக்கிப் பார்ப்பதோடு விட்டுவிடுகின்றன என்பதும், படம் எடுக்க வண்டியை நிறுத்திக் காலை ஊன்றிய கணமே கூட்டமாக எழுந்துவிடுகின்றன என்பதும் நான் மீண்டும் மீண்டும் கண்டது. 2022-ல் பிறந்து ஐந்து மாதமே ஆன, பட்டைவால் மூக்கன் என்னும் கரைப்பறவை ஒன்று, அலாஸ்காவிலிருந்து டாஸ்மேனியா வரை 13,560 கிலோமீட்டர் தூரத்தை 11 நாளில் எங்கும் இறங்காமல் பறந்து கடந்தது. என் மீட்டரின் நான்கு ஆண்டுக் கணக்கைவிட அது அதிகம். அத்தகைய பறப்புக்கு வேண்டிய கொழுப்பை இந்தச் சேற்றில்தான் வலசைப் பறவைகள் சேர்க்கின்றன என்று அறிந்த பிறகு, படங்களைப் பார்வை மேடைகளிலிருந்து மட்டுமே எடுக்கிறேன்.

ஒரு மனக்குறையும் உண்டு. மோட்டார் சைக்கிள்களைத் தடுக்க நுழைவாயில்களில் நட்டிருக்கும் குறுகிய கம்பித் தடுப்புகள், பைகள் பூட்டிய மிதிவண்டியையும் சேர்த்தே தடுக்கின்றன. ஒவ்வொரு முறையும் நான்கு பைகளையும் கழற்றி, வண்டியைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி நுழைத்து, மீண்டும் பூட்ட வேண்டும். மூன்று சக்கர மிதிவண்டியில் வருபவர்கள் என்ன செய்வார்கள் என்று தெரியவில்லை.

சட்டகத்தில் பெயின்ட் உரிந்த மூன்று இடங்களில் துரு தலைகாட்டியிருக்கிறது. சுரண்டி எடுத்துவிட்டுப் பூச்சு தொட்டு வைத்திருக்கிறேன். பிரேக் கம்பிகளைத் துருப்பிடிக்காத எஃகில் மாற்றியதிலிருந்து பிரேக் பிடியை அழுத்துவதில் முன்பிருந்த கடினம் இல்லை. அடுத்த மழைக்கு முன் கிராங்க் அச்சின் பேரிங்கை மாற்ற வேண்டும். இடது பெடலை அழுத்தும்போது அது ஒரு வாரமாக முனகிக்கொண்டிருக்கிறது.