பாக்டீரியாவுக்கு எதிராக வலி மாத்திரைகள்: டைக்ளோஃபெனாக், ஆஸ்பிரின், செலகாக்சிப்

மூட்டுவலிக்கும் பல்வலிக்கும் விழுங்கும் அழற்சி நீக்கி மாத்திரைகளில் சில, ஆய்வகத்தில் பாக்டீரியாக்களின் வளர்ச்சியையும் தடுக்கின்றன. இவற்றுள் எது நோயாளிக்கு உண்மையிலேயே பயன்படக்கூடும் என்று தீர்மானிக்க, கிருமியைத் தடுக்கத் தேவைப்படும் செறிவையும், வழக்கமான அளவில் மருந்து உட்கொண்டால் இரத்தத்தில் சேரும் செறிவையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். இந்த இரண்டாவது எண்ணைச் சொல்லாமல் விடும் எந்தச் செய்தியையும் நான் நம்புவதில்லை.

ஆய்வகச் சான்று வலுவாக உள்ளது டைக்ளோஃபெனாக்கிற்குத்தான். கொல்கத்தாவின் ஜாதவ்பூர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2000-களில் வெளியிட்ட முடிவுகளின்படி, அது குடலில் வாழும் ஈ. கோலை பாக்டீரியாவில் டி.என்.ஏ. உருவாவதைத் தடுக்கிறது, காசநோய்க் கிருமியை மில்லிலிட்டருக்கு 10 முதல் 25 மைக்ரோகிராம் அளவில் அடக்குகிறது, ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் ஆன்டிபயாட்டிக்குடன் சேரும்போது இரண்டின் ஆற்றலும் கூடுகிறது. இவ்வகை மருந்துகள் டி.என்.ஏ.வை எப்படித் தொடுகின்றன என்பதற்கு, ஆஸ்திரேலியாவின் வொல்லங்காங் பல்கலைக்கழகக் குழு 2014-இல் ஒரு விளக்கம் தந்தது: கார்ப்ரோஃபென், புரோம்ஃபெனாக், வெடாப்ரோஃபென் ஆகியவை, படியெடுக்கும் நொதியை டி.என்.ஏ. இழையோடு பிணைத்து வைக்கும் வளையப் புரதத்தில் சென்று ஒட்டிக்கொள்கின்றன. ஆனால் 50 மில்லிகிராம் டைக்ளோஃபெனாக் மாத்திரை இரத்தத்தில் தரும் உச்சச் செறிவு மில்லிலிட்டருக்கு ஏறத்தாழ 2 மைக்ரோகிராம். அதிலும் 99 விழுக்காட்டுக்கு மேல் இரத்தப் புரதங்களோடு பிணைந்துவிடுவதால், கிருமியைச் சென்றடையும் பங்கு மிகச் சொற்பம்.

சிறுநீர்த் தொற்றுள்ள பெண்களிடம் சுவிட்சர்லாந்தில் நடந்து 2017-இல் வெளியான ஒப்பீட்டையும் இதனோடு சேர்த்துப் படிக்கலாம். அது டைக்ளோஃபெனாக்கின் கிருமி எதிர்ப்பைச் சோதிக்க அல்ல, வலியைத் தணித்தாலே போதுமா என்று அறியவே வடிவமைக்கப்பட்டது. மூன்றாம் நாளில் நார்ஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக் பெற்றவர்களில் 80 விழுக்காட்டினருக்கும், டைக்ளோஃபெனாக் பெற்றவர்களில் 54 விழுக்காட்டினருக்கும் உபாதை நீங்கியிருந்தது; டைக்ளோஃபெனாக் குழுவில் 6 பேருக்குத் தொற்று சிறுநீரகம் வரை ஏறியது, மற்றக் குழுவில் ஒருவருக்கும் இல்லை. ஆன்டிபயாட்டிக்கிற்குப் பதிலாக வலி மாத்திரை என்று யாரும் தாமாக முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

ஆஸ்பிரின் இரு முகம் கொண்டது. ஆஸ்பிரின் சார்ந்த சாலிசிலேட்டுகள் என்ற வேதிப்பொருள்கள் காசநோய்க் கிருமியின் ஆக்சிஜன் நுகர்வைத் தூண்டுகின்றன என்ற 1940-ஆம் ஆண்டின் கண்டுபிடிப்பிலிருந்து தொடங்கித்தான், சுவீடனின் யோர்கன் லேமன் பாரா-அமினோசாலிசிலிக் அமிலம் என்ற காசநோய் மருந்தை உருவாக்கினார். அதே சாலிசிலேட், ஈ. கோலையில் மார்ஆர் என்னும் கட்டுப்பாட்டுப் புரதத்தைச் செயலிழக்கச் செய்து, மருந்துகளை வெளியேற்றும் பம்புகளை முடுக்கிவிடுகிறது. அதனால் டெட்ராசைக்ளின், குளோராம்ஃபெனிக்கால் போன்ற ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கிருமி எளிதில் மடிவதில்லை. எதிரிக்கே கேடயம் எடுத்துக் கொடுக்கும் இந்தக் குணத்தால், ஆஸ்பிரினை இந்த வரிசையில் கடைசியில்தான் வைக்க முடிகிறது.

என் தேர்வு செலகாக்சிப். அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழக ஆய்வாளர்கள், மெத்திசிலின் என்ற ஆன்டிபயாட்டிக்கிற்கு அடங்காத ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் உள்ளிட்ட, வெளிச்சவ்வு இல்லாத கிராம்-பாசிட்டிவ் பாக்டீரியாக்களை அது தடுப்பதை 2015-இல் காட்டினார்கள். கிராம்-நெகட்டிவ் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வை அதனால் தாண்ட முடிவதில்லை. கொலிஸ்டின் என்ற ஆன்டிபயாட்டிக் அந்தச் சவ்வைத் தளர்த்தினால் மட்டுமே உள்ளே நுழைகிறது. மாத்திரையாகக் கொடுத்தால் இதற்கும் டைக்ளோஃபெனாக்கின் கதிதான்: 200 மில்லிகிராமுக்கு இரத்தத்தில் சேர்வது மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கும் குறைவு, தேவைப்படுவதோ அதைப் போலப் பல மடங்கு. அளவை ஏற்றவும் வழியில்லை, இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் ஆபத்து கூடும். எனினும், களிம்பாகத் தோலில் தடவும்போது இரத்தச் செறிவு என்ற தடையே எழுவதில்லை. எலிகளின் தோல் புண்களில் கிருமி எண்ணிக்கையும் அழற்சியும் ஒருசேரக் குறைந்தன. மனிதரிடம் முதலில் சோதிக்கப்பட வேண்டியது இந்தக் களிம்புதான்.