திவால் மனுவுக்கு முன்பணம் கொடுப்பவர்கள் கவனத்திற்கு

ஈரோடு மாவட்டத்தில் விசைத்தறி வைத்து நொடித்துப்போன என் சித்தப்பாவுக்குத் திவால் மனுப் போட்டுத் தருவதாக 60,000 ரூபாய் வாங்கிய ஒரு வழக்கறிஞர், நீதிமன்றம் பதிவுசெய்து எண் தராத ஒரு மனுவைக் காட்டியே ஓராண்டுக்கு மேல் எங்கள் குடும்பத்தை இழுத்தடித்தார். புகார் நிலுவையில் இருப்பதால் அவர் பெயரை எழுதவில்லை. அவர் கையாண்ட முறையை எழுதுகிறேன். இதே முறையில் ஏமாந்த வேறு சிலரும் எங்கள் பகுதியில் இருக்கிறார்கள்.

அவரிடம் அழைத்துப்போனவர் நீதிமன்ற வாசலில் நிற்கும் ஒரு தரகர். ஆள் வைத்து வழக்குப் பிடிக்கக் கூடாது என்று, வழக்கறிஞர்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான பார் கவுன்சிலின் விதி இருக்கிறது. ஆனாலும் அந்த வாசலில் அது அன்றாடம் நடக்கிறது. மனுத் தாக்கலான மறுநாள் முதல் கடன் கொடுத்தவர் யாரும் படியேற முடியாது, அடமானம் வைத்த வங்கிக் கடனும் அதில் அடங்கிவிடும், பணமில்லாமல் திரும்பிய காசோலைக்கான வழக்கும் நின்றுவிடும் என்று வழக்கறிஞர் அடித்துச் சொன்னார். மூன்றுமே பொய். சென்னைக்கு வெளியே நம் மாவட்டங்களில் தனிநபர் திவால் இன்றும் 1920ஆம் ஆண்டுச் சட்டப்படிதான் நடக்கிறது. 2016இல் வந்த புதிய சட்டத்தின் தனிநபர் பகுதி, நிறுவனக் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துப் போட்டவர்களைத் தவிர மற்றவர்களுக்கு நடைமுறைக்கு வரவில்லை. 500 ரூபாய்க் கடன் இருந்தாலே மனுப் போடலாம் என்று சொல்லும் அந்தப் பழைய சட்டத்திலும், நீதிமன்றம் ஒருவரைத் திவாலானவர் என்று அறிவித்த பிறகே கடன் கொடுத்தவர்களுக்குத் தடை வருகிறது. அடமானம் பெற்ற வங்கியின் உரிமை அப்போதும் அப்படியே இருக்கும். காசோலை வழக்கோ குற்ற வழக்கு. அது தன் போக்கில் நடக்கும்.

இதைவிட ஆபத்தானது, வீட்டைச் சித்தியின் பெயருக்குத் தான செட்டில்மெண்ட் எழுதிவிட்டு மனுப் போடலாம் என்று அவர் சொன்ன யோசனை. அப்படி மாற்றிய இரண்டு ஆண்டுக்குள் திவால் மனு வந்தால், அந்தப் பத்திரத்தை நீதிமன்றம் ரத்து செய்ய முடியும். கடன் கொடுத்தவர்களை ஏய்க்கச் செய்ததாகக் கடனாளிக்கே அது வினையாகும். நல்ல வேளையாகச் சித்தி கையெழுத்துப் போட மறுத்துவிட்டார்.

பணம் முழுவதும் அந்த வழக்கறிஞருடைய குமாஸ்தாவின் கூகுள் பே எண்ணுக்கே போனது; ரசீது கிடையாது. வாட்ஸ்அப்பில் வந்த மனு நகலின் முதல் பக்கத்தில் நீதிமன்ற முத்திரை இருந்தது, ‘ஐ.பி. எண்’ (திவால் மனு எண்) என்று தட்டச்சான இடத்துக்கு எதிரே வெறும் புள்ளிக்கோடு இருந்தது. கேட்டபோதெல்லாம் “நம்பர் ஆயிட்டிருக்குங்க” என்று குமாஸ்தா சொல்வார். கடைசியில் நாங்களே சார்பு நீதிமன்ற அலுவலகத்தில் விசாரித்தோம்: கடன் கொடுத்தவர்களின் முகவரிகள் முழுமையாக இல்லை என்று குறிப்பெழுதி மனுவை எப்போதோ திருப்பிவிட்டார்கள், அது மறுபடி தாக்கலாகவே இல்லை. இதற்கிடையே, 60 நாள் கெடு வைத்து வங்கி அனுப்பிய சர்ஃபேசி நோட்டீஸுக்கு (அடமானச் சொத்தை வங்கியே எடுத்துக்கொள்ள வழிசெய்யும் சட்டப்படியான நோட்டீஸ்) பதிலே வேண்டாம் என்று வழக்கறிஞர் சொல்லியிருந்ததால், சொத்தை வங்கி கைப்பற்றியதாகச் சொல்லும் சுவாதீன அறிவிப்பைத் தறிக் கொட்டகைச் சுவரில் வங்கிக்காரர்கள் ஒட்டிவிட்டுப் போனார்கள்.

ஆகவே, மனு எண்ணையும், நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு நிலையைப் பார்க்க உதவும் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணையும் வாங்காமல் இரண்டாம் தவணை கொடுக்காதீர்கள். பணத்தை வழக்கறிஞரின் சொந்தக் கணக்கிலேயே செலுத்துங்கள். பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமலே சட்டப்பணிகள் ஆணைக்குழு இலவசமாக வழக்கறிஞர் தருகிறது. 15100 என்ற எண்ணில் கேட்கலாம். எங்களிடம் இதை ஒருவரும் சொல்லவில்லை.

நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாம் என்று சிலர் சொன்னார்கள். வழக்கறிஞர் சேவை அந்தச் சட்டத்துக்குள் வராது என்று உச்ச நீதிமன்றம் 2024 மே மாதம் தீர்ப்பளித்துவிட்டதால் அந்த வழி இல்லை. பார் கவுன்சிலில்தான் புகார் கொடுக்க வேண்டும், கொடுத்திருக்கிறோம். ஓராண்டுக்குள் முடிக்காவிட்டால் அது இந்திய பார் கவுன்சிலுக்கு மாறும். மீதிக் கட்டணம் கொடுத்தால்தான் கேஸ் கட்டு என்று அவர் மிரட்டியபோது, கட்டணப் பாக்கிக்காகக் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமையில்லை என்ற 2000ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பைக் குறிப்பிட்டுப் பதிவுத் தபால் அனுப்பினோம். கட்டு வந்து சேர்ந்தது. வேறொரு வழக்கறிஞர் புதிதாக மனுத் தாக்கல் செய்து எண் வாங்கிவிட்டார். அவர் கேட்ட கட்டணம் முதலாமவர் வாங்கியதில் பாதிகூட இல்லை.