காரைக்குடியிலிருந்து கிழக்கு ஆப்பிரிக்கா: ஒரு வனவிலங்குச் சுற்றுலாச் சேவை பற்றிய மதிப்புரை

செட்டிநாட்டுக் குடும்பங்கள் வெளிநாட்டுப் பயணம் என்றால் சிங்கப்பூர், மலேசியா, இலங்கை, துபாய் ஆகிய ஊர்களையே நினைக்கின்றன. அங்கெல்லாம் உறவினர் யாராவது இருப்பார்கள். சாப்பாட்டுக்கும் கவலை இல்லை. ஆப்பிரிக்கா என்றால் முதலில் பாதுகாப்பைப் பற்றியும் அடுத்ததாகச் செலவைப் பற்றியும் கேள்வி எழுகிறது. கடந்த பிப்ரவரியில் எங்கள் குடும்பம் காரைக்குடியிலுள்ள ஒரு சுற்றுலா முகவர் மூலம் கென்யாவுக்கும் தான்சானியாவுக்கும் சென்றுவந்தது. விமானச் சீட்டும் நுழைவு அனுமதிகளும் முகவரின் பொறுப்பு. வண்டி, வழிகாட்டி, தங்குமிடம் ஆகியவற்றை அவர் நைரோபியிலுள்ள ஒரு நிறுவனத்திடம் ஒப்படைத்திருந்தார். இந்தப் பயணம் கொடுத்த பணத்துக்குத் தகும் என்பதே என் முடிவு. ஆனால் அந்தப் பணம் நல்ல வழிகாட்டிக்கும், நல்ல வண்டிக்கும், பூங்காவை ஒட்டித் தங்கும் இரவுகளுக்கும் போக வேண்டும். ஊர்களின் எண்ணிக்கையைக் கூட்டுவதற்குப் போகக்கூடாது.

முதுமலையும் பந்திப்பூரும் இருக்கும்போது அவ்வளவு தூரம் ஏன் போக வேண்டும் என்று புறப்படுமுன் பலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். நம் காடுகள் அடர்ந்தவை. ஒரு யானைக் கூட்டம் சாலையைக் கடந்து மூங்கில் புதருக்குள் மறைந்தால் அத்துடன் காட்சி முடிந்துவிடும். தான்சானியாவின் செரங்கெட்டியோ கண்ணுக்கெட்டிய தூரம் வரை புல்வெளி. 1951இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட அதன் பரப்பு 14,763 சதுர கிலோமீட்டர். அங்கே ஒரு சிவிங்கிப்புலி (சீட்டா) மான் கூட்டத்தைக் கண்டு, பதுங்கி, ஓடி, தவறவிட்டு, மூச்சிரைக்க உட்காருவதை முதலிலிருந்து கடைசிவரை பார்க்கலாம். விலங்கைக் காண்பதும் விலங்கின் வாழ்க்கையைக் காண்பதும் ஒன்றல்ல என்பதை அங்கேதான் நான் முழுமையாக உணர்ந்தேன். வெளியின் நடுவே ஆங்காங்கே நிற்கும் தட்டையான தலையுடைய வேல மரங்கள், இராமநாதபுரம் சாலையோரத்துக் குடைவேல மரங்களைப் போலவே இருந்ததால், முதல் நாளிலேயே அந்த நிலம் எங்களுக்கு அந்நியமாகத் தோன்றவில்லை.

எங்கள் பயணத்தின் உச்சம் செரங்கெட்டியின் தென் எல்லையிலுள்ள உண்டூட்டு. வான்வழிக் கணக்கெடுப்புகள் பத்து லட்சத்துக்கும் மேல் என்று மதிப்பிட்டுள்ள வில்டபீஸ்ட் (மாடு போன்ற தோற்றமுள்ள ஒரு மான் இனம்) கூட்டம் ஆண்டு முழுவதும் மழையைத் தொடர்ந்து செரங்கெட்டிக்கும் அதை ஒட்டிய கென்யக் காப்பகமான மசாய் மாராவுக்கும் இடையே சுற்றிவருகிறது. ஜனவரி முதல் மார்ச் வரை அது கன்று ஈனுவதற்காக இந்தத் தென்புலத்துக்கு வருகிறது. பழைய எரிமலைச் சாம்பல் படிந்த மண்ணில் முளைக்கும் குட்டையான புல்லில் கால்சியமும் பாஸ்பரசும் மிகுதி. பாலூட்டும் தாய்க்கு அது தேவை. பெரும்பாலான கன்றுகள் இரண்டு மூன்று வாரங்களுக்குள் அடுத்தடுத்துப் பிறந்துவிடுவதால், கழுதைப்புலியும் சிங்கமும் எவ்வளவு தின்றாலும் மிகுதி பிழைத்துக்கொள்கிறது.

ஒரு காலைப் பொழுதில், எங்கள் வண்டியிலிருந்து சற்றுத் தொலைவில் ஒரு தாய் படுப்பதும் எழுவதுமாக இருந்தது. வழிகாட்டி இன்ஜினை அணைத்துவிட்டார். கன்றின் முன்னங்கால்கள் வெளியே தெரிந்த நிலையிலேயே அந்தத் தாய் நடந்தது, பின்பு படுத்தது, ஈரத்தில் பளபளக்கும் பழுப்பு நிறக் கன்று மண்ணில் விழுந்தது. அது எழ முயன்று மூக்குக் குப்புற விழுந்தது, மறுபடி எழுந்து பின்னங்கால் மடங்கி உட்கார்ந்தது, தாய் நக்கிக்கொண்டே இருக்க ஒருவழியாக நான்கு காலிலும் நின்றது. சில நிமிடங்களுக்குள் தாயின் விலாவை ஒட்டி ஓடவும் தொடங்கிவிட்டது. அதே நேரத்தில் தொலைவில் ஒரு கழுதைப்புலி தலையைத் தாழ்த்தியபடி கூட்டத்தை நோக்கி வந்துகொண்டிருந்தது. எங்கள் ஆச்சி வழிகாட்டியின் தோளைத் தொட்டு, “தம்பி, இது பிழைச்சுக்கிருமா?” என்று தமிழிலேயே கேட்டார்கள். என்ன கேட்கிறார்கள் என்பது அவருக்கு எப்படியோ விளங்கிவிட்டது. கூட்டத்தின் நடுவுக்குப் போய்விட்டால் பிழைத்துவிடும், ஓரத்தில் தங்கிவிட்டால் கடினம் என்று அவர் ஆங்கிலத்தில் சொன்னதை நான் ஆச்சிக்குச் சொன்னேன். கன்று கூட்டத்துக்குள் போய்ச் சேரும் வரை வண்டியில் யாரும் பேசவில்லை.

அந்த வழிகாட்டியைப் பற்றித் தனியே எழுத வேண்டும், ஏனென்றால் இந்தச் சேவையில் முழு மதிப்பெண் பெறுவது அவர்தான். மற்ற ஓட்டுநர்கள் வானொலிக் கருவியில் வரும் செய்தியைக் கேட்டு ஒரே சிங்கத்தை நோக்கி விரைந்தபோது, அவர் நிலத்தைப் படித்துக்கொண்டிருந்தார். ஓரிடத்தில் மூன்று ஒட்டகச்சிவிங்கிகள் மேய்வதை நிறுத்திவிட்டு ஒரே திசையைப் பார்த்தபடி நிற்க, அவர் வண்டியை நிறுத்திக் காத்திருந்தார். நெடுநேரம் கழித்துப் புல்லுக்குள்ளிருந்து ஒரு பெண் சிங்கம் எழுந்து நடந்தது. உண்டூட்டுப் பகுதியில் தடத்தை விட்டு விலகி வண்டி ஓட்டலாம் என்றாலும், செரங்கெட்டிப் பூங்காவுக்குள் அதற்கு அனுமதியில்லை. சிறுத்தை ஒன்று தொலைவிலுள்ள மரத்தில் படுத்திருந்தபோது எங்களில் ஒருவர் சற்று உள்ளே போகச் சொல்லியும் அவர் மரியாதையுடன் மறுத்துவிட்டார். அந்த மறுப்பினால்தான் அவர்மீது எனக்கு மதிப்பு கூடியது.

இங்கோரோங்கோரோ பெருங்குழியைப் பற்றி எவ்வளவு சொன்னாலும் தகும். எரிமலை ஒன்று தன்மீதே சரிந்து உருவான இந்தக் கிண்ணம் ஏறத்தாழ 600 மீட்டர் ஆழமும் 260 சதுர கிலோமீட்டர் பரப்பும் உடையது. விளிம்பு மிக உயரத்தில் இருப்பதால் விடியற்காலையில் குளிர் நடுக்கியெடுக்கிறது. கம்பளிச் சட்டை இல்லாமல் போகக்கூடாது. கீழே யானை, எருமை, சிங்கம், நீர்யானை, பூநாரை என எல்லாம் ஒரே நாளில் கண்ணில் பட்டன. அழிவின் விளிம்பிலுள்ள கறுப்புக் காண்டாமிருகத்தைத் தொலைநோக்கியில் ஒரு சாம்பல் நிறப் புள்ளியாகத்தான் பார்த்தோம். முகவரின் விளம்பரப் படத்தில் இருப்பதுபோல அருகில் காணலாம் என்று யாரும் எதிர்பார்க்க வேண்டாம்.

கென்யப் பக்கத்தில் அம்போசெலி பூங்கா. 5,895 மீட்டர் உயரமுள்ள கிளிமஞ்சாரோ தான்சானியாவில் இருந்தாலும் அதன் முழு உருவம் இங்கிருந்துதான் நன்றாகத் தெரிகிறது, அதுவும் மேகம் சூழும் முன்னர், பெரும்பாலும் காலையில். அந்த மலையிலிருந்து நிலத்தடியில் வழிந்துவரும் நீர் சதுப்பாகத் தேங்குவதால் வறண்ட காலத்திலும் யானைகள் இடுப்பளவு பசுமையில் நின்று மேய்கின்றன. இங்குள்ள யானைக் குடும்பங்களை ஆராய்ச்சியாளர்கள் 1972 முதல் தொடர்ந்து கவனித்துவருகின்றனர்.

நைரோபியில் தங்கும் நாளையும் வீணாக்க வேண்டாம். நகரத்தின் எல்லைக்குள்ளேயே, 1946இல் அமைக்கப்பட்ட 117 சதுர கிலோமீட்டர் தேசியப் பூங்கா இருக்கிறது. உயர்ந்த கட்டடங்களைப் பின்புலமாகக் கொண்டு ஒட்டகச்சிவிங்கி நிற்பதை அங்கே பார்க்கலாம். இரயில்வே அருங்காட்சியகத்துக்கும் செல்லுங்கள். 1896 முதல் 1901 வரை மொம்பாசாவிலிருந்து விக்டோரியா ஏரி வரை இரயில் பாதை போடச் சென்ற முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களில் சுமார் 2,500 பேர் அந்தப் பணியிலேயே இறந்தார்கள். பர்மாவிலும் மலேயாவிலும் வாழ்ந்தவர்களின் கதைகளைக் கேட்டு வளர்ந்த நமக்கு, கடல் கடந்து போனவர்களின் இன்னொரு வரலாறு அங்கே காத்திருக்கிறது.

இனிக் குறைகள். முகவர் முதலில் கொடுத்த பயணத் திட்டத்தில் ஒவ்வோர் இரவும் வேறு வேறு ஊர். அந்தச் சாலைகளில் அரை நாள் வண்டியிலேயே கழிந்துவிடும். விலங்குகள் நடமாடும் காலையும் மாலையும் பயணத்தில் போய்விட்டால், மிஞ்சுவது அவை நிழலில் உறங்கும் உச்சிப் பொழுதுதான். இரண்டு இடங்களை நீக்கச் சொல்லி வற்புறுத்தித்தான் உண்டூட்டுவில் கூடுதல் இரவுகளைப் பெற்றோம். கூரையைத் தூக்கித் திறக்கக்கூடிய லேண்ட் குரூசர் என்று எழுதிக் கொடுத்திருந்தும், கென்யப் பகுதிக்கு ஒரு மினி வேன் வந்து நின்றது. நமாங்கா எல்லைச்சாவடியைக் கடந்த பிறகே பேசியபடி வண்டி கிடைத்தது. வித்தியாசப் பணத்தைத் திரும்பப் பெறப் பல முறை கேட்க வேண்டியிருந்தது. வழியில் நினைவுப் பொருள் கடைகளில் நிறுத்தும் நேரமும் அளவுக்கு மீறியது. சாப்பாட்டில் குறை சொல்ல முடியாது: சைவம் என்று முன்பே தெரிவித்தால் சப்பாத்தி, பயறுக் குழம்பு, கீரை எல்லாம் கிடைக்கின்றன. கட்டிக் கொடுக்கும் மதியப் பொட்டலம் மட்டும் எல்லா நாளும் ஒன்றுபோல இருந்தது.

நம்மவர்கள் அவசியம் யோசிக்க வேண்டியது பருவம். பள்ளி விடுமுறை என்பதால் ஏப்ரல், மே மாதங்களில் புறப்பட எல்லோரும் விரும்புகிறார்கள்; ஆனால் கிழக்கு ஆப்பிரிக்காவில் மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். சாலை சேறாகும், புல் உயர்ந்து விலங்கை மறைக்கும். முகவர் தரும் தள்ளுபடிக்குக் காரணம் அதுதான். பிள்ளைகளுடன் போகிறவர்களுக்குக் காலாண்டு விடுமுறை பொருத்தமானது: ஜூலை முதல் அக்டோபர் வரை வில்டபீஸ்ட் கூட்டம் மாரா ஆற்றைக் கடக்கும் காலம். அந்தப் பருவத்தில் மசாய் மாரா நுழைவுக் கட்டணம் வெளிநாட்டவருக்கு ஒரு நாளைக்கு 200 டாலர் என்பதையும், ஜனவரி முதல் ஜூன் வரை 100 டாலர் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள். மே மாதத்தைத் தவிர வழியில்லை என்றால் தெற்கு நோக்கிப் போகலாம். அப்போது தென்னாப்பிரிக்காவின் குரூகர் பூங்காவில் வறண்ட பருவம் தொடங்கியிருக்கும், சாம்பியா, சிம்பாப்வே எல்லையில் 108 மீட்டர் உயரத்திலிருந்து விழும் விக்டோரியா நீர்வீழ்ச்சியிலும் வெள்ளம் பெருகியிருக்கும்.

மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசியைக் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்காதீர்கள். பயணத்துக்குக் குறைந்தது பத்து நாள் முன்னதாகப் போட்டுக்கொண்டு சான்றிதழ் வைத்திருக்க வேண்டும். அது இல்லாமல் கென்யாவிலிருந்து திரும்பினால் நம் விமான நிலையத்திலேயே தனிமைப்படுத்திவிடுவார்கள். நாங்கள் பல்லவன் இரயிலில் சென்னைக்குப் போய்க் கிண்டி கிங் நிலையத்தில் போட்டுக்கொண்டோம். அறுபது வயதைக் கடந்தவர்கள் மருத்துவரிடம் கேட்டுவிட்டே போட்டுக்கொள்ள வேண்டும். மலேரியாத் தடுப்பு மாத்திரையையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள். கென்யாவுக்கு 2024 ஜனவரி முதல் இணையவழி முன் அனுமதி கட்டாயம். இன்னொன்று: கென்யாவில் 2017 முதலும் தான்சானியாவில் 2019 முதலும் நெகிழிப் பைகளுக்குத் தடை உள்ளது. சீப்புச்சீடையும் தேன்குழலும் மாவுருண்டையும் கவரில் கட்டி எடுத்துச்செல்லும் பழக்கத்தை விட்டு, எவர்சில்வர் டப்பாவில் போட்டுக்கொண்டு போங்கள்.

செலவு பெரியதுதான். ஆனால் அந்தப் பணம் எங்கே போகிறது என்று பார்க்க வேண்டும். மாராவைச் சுற்றிலும் மசாய் இன நில உரிமையாளர்கள் தங்கள் நிலத்தை வேலி போடாமல் வனவிலங்குகளுக்காகக் குத்தகைக்கு விட்டு, சுற்றுலா வருமானத்திலிருந்து மாதந்தோறும் வாடகை பெறுகிறார்கள். நம் சிவகங்கை மாவட்டத் திருப்பத்தூர் அருகே கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் வேட்டங்குடிச் சரணாலயப் பறவைகளுக்காகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதையே விட்டவர்கள். அந்த மண்ணிலிருந்து போகிற நமக்கு, விலங்குக்காக இடம் விட்டு வாழும் மக்களிடம் நம் பணம் சேருவதில் மனநிறைவு உண்டு. இத்தகைய காப்பு நிலங்களிலுள்ள முகாமில் ஓரிரவாவது தங்க ஏற்பாடு செய்யும்படி முகவரிடம் கேளுங்கள்.

எங்கள் முகவரிடம் மீண்டும் போவேனா என்றால், போவேன். ஆனால் வண்டியின் வகை, ஒவ்வோர் இரவும் தங்கும் முகாமின் பெயர், வழிகாட்டியின் அனுபவம், கடைகளில் நிறுத்தக்கூடாது என்ற நிபந்தனை ஆகிய அனைத்தையும் எழுத்தில் வாங்கிக்கொண்டுதான் முன்பணம் கட்டுவேன். காலாண்டு விடுமுறைக்குப் போக நினைப்பவர்கள் பொங்கல் முடிந்ததுமே பதிவு செய்வது நல்லது. ஆற்றை ஒட்டிய முகாம்கள்தான் முதலில் நிரம்பிவிடுகின்றன.