உச்சியிலிருந்து இறங்காத பாரம்: சகஸ்ரார தியானத்தோடு நெடுநாள்

நான் காசு கட்டிச் சேர்ந்த செயலியின் சகஸ்ரார தியான வகுப்பு பாதி விலைக்கு வந்துவிட்டதாம். எங்கள் ஐஸ் கம்பெனியில் பில் போடும் பெண் நேற்று கைபேசியைக் கொண்டுவந்து என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அக்கா, நீங்கள் தினமும் செய்வது இதுதானே? நீங்கள் 4,000 கட்டினீர்கள், இப்போது 1,900தான். நானும் சேரட்டுமா?" அதே ஊதாத் தாமரை, கண்ணை மூடிச் சிரிக்கும் அதே பெண், கீழே அதே "மனத்தெளிவு, பிரபஞ்சத் தொடர்பு". லாரி நின்றுகொண்டிருந்ததால் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. அவள் கேட்டதற்குப் பதிலை இங்கே எழுதுகிறேன். அவளைப் போல இன்னும் சிலர் அந்த விளம்பரத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

சக்கரம் என்றால் என்ன என்று முதலிலிருந்து ஆரம்பிக்கப் போவதில்லை; உடம்பில் சக்தி தங்கும் மையங்களாக யோகத்தில் சொல்லப்படுபவை, அவ்வளவு போதும். ஆயிரம் இதழ்த் தாமரையாகச் சொல்லப்படும் உச்சி மையம்தான் சகஸ்ராரம். சகஸ்ராரம், துரியம் என்று எந்தப் பெயரில் சொன்னாலும், உச்சந்தலையில் கவனத்தை வைத்து உட்காருவதுதான் பயிற்சி. ஒரு மீன்பிடித் தடைக்காலத்தில் ஆரம்பித்தேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கரையில் கிடக்கும். எங்கள் கடற்கரை ஊரான மண்டபத்தில் ஐஸ் வாங்க ஆள் குறைந்து, கணக்கெழுதுகிறவளுக்கு விடியற்காலை சொந்தமாகக் கிடைக்கும் காலம் அது. அதற்குப் பிறகு வாடைக்காற்றும் தென்மேற்கிலிருந்து வரும் கச்சானும் பல முறை மாறி மாறி வீசிவிட்டன. இன்னும் உட்காருகிறேன்.

புகாரிலிருந்தே தொடங்குகிறேன்: பாரம்.

தியானம் முடிந்து எழுந்த பிறகும் உச்சியில் ஒரு கனம் நிற்கும். மீன் கூடையை இறக்கி வைத்த பிறகும் சும்மாடு தலையிலேயே இருப்பதுபோல. வலி என்று சொல்ல முடியாது. வலி என்றால் மாத்திரை போட்டுக்கொள்ளலாம். இது காலைச் சமையல் வரை கூடவே வரும், சில நாட்களில் மதியச் சாப்பாடு வரைக்கும் வரும். பங்குனி வெயிலில் வெளியே போய்விட்டு வந்தால் இரண்டு மடங்காகும். இரவில் படுக்கும் முன் உட்கார்ந்தால் தூக்கமே போய்விடும், கண் மூடியிருக்கும், தலை மட்டும் விழித்திருக்கும்.

வகுப்பு நடத்துகிறவர்களின் உதவி எண்ணைக் கூப்பிட்டேன். எடுத்த பையன் சந்தோஷமாகச் சொன்னான்: "வாழ்த்துகள் மேடம், உங்கள் சக்கரம் திறந்துகொண்டிருக்கிறது." சில வாரங்கள் கழித்துக் கூப்பிட்டபோது வேறொருவர், என் பழைய வினை கரைவதாகச் சொன்னார். அதற்கடுத்த முறை, மேல்நிலை வகுப்பில் சேர்ந்தால் இது சரியாகிவிடும் என்றார்கள். அதற்குத் தனிக் கட்டணம். எங்கள் கம்பெனியில் ஐஸ் சீக்கிரம் உருகுகிறது என்று ஒரு படகுக்காரர் வந்து நின்றால், "அண்ணே, உங்கள் கடன் கரைகிறது" என்று நாங்கள் சொல்லிப் பார்க்க வேண்டும். உயிரோடு வீடு திரும்ப மாட்டோம்.

பதில் பக்கத்துத் தெருவில் இருந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர், வேதாத்திரி மகரிஷியின் தியான முறையான மனவளக்கலையைப் பல வருடங்களாகப் பழகி வருகிறவர். நான் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து, "சாந்தி செய்தாயாம்மா?" என்று கேட்டார். "அது என்ன சார்?" என்றேன். அவர் தன் தலையில் கை வைத்துக்கொண்டார்.

அவர்கள் முறையில் வரிசை உண்டு. முதலில் ஆக்கினை, புருவ மத்தி. அடுத்தது சாந்தி: மேலே ஏறிய கவனத்தை முதுகுத்தண்டின் அடிக்கு, மூலாதாரத்துக்கு இறக்குவது. அதற்குப் பிறகுதான் துரியம், அதாவது உச்சி. துரியத்துக்கு வந்த பிறகும் சாந்தியை விடுவதில்லை. தலையில் அழுத்தம் தோன்றினால் இறக்கிவிட வேண்டும் என்பது அங்கே பாலபாடம். 4,000 ரூபாய்க்கு எனக்குக் கிடைத்த வகுப்பிலோ ஏறுவதற்கு மட்டும்தான் பாடம் இருந்தது, இறங்குவதற்கு இல்லை. மாடி கட்டிப் படியைப் பாதியில் விட்டிருக்கிறார்கள்.

இன்னொன்றை நானே கவனித்துப் பிடித்தேன். ஒலிப்பதிவில் வரும் குரல், "மூடிய கண்களை மேல்நோக்கி உயர்த்தி உச்சியைப் பாருங்கள்" என்று சொல்லும். சொன்னபடி செய்தால் புருவம் ஏறும், நெற்றித் தசை இறுகும், அந்த இறுக்கம் மண்டைத் தோல் முழுக்கப் பரவும். அப்படியே நெடுநேரம் உட்கார்ந்தால் பாரம் வராமல் என்ன செய்யும்? கண்களைத் தளர்த்தி, மூக்கு நுனிக்குக் கீழே பார்ப்பதுபோல் விட்டுவிட்டு, கவனத்தை மட்டும் உச்சிக்கு அனுப்பினேன். கனம் பாதி குறைந்தது. முடிக்கும் முன் வாத்தியார் சொன்னபடி கவனத்தைக் கீழே இறக்கினால் மீதியிலும் பெரும்பகுதி போய்விடுகிறது. பெரும்பகுதி என்றுதான் சொல்கிறேன். இதை எழுதும் இந்த நேரத்திலும் கொஞ்சம் இருக்கிறது.

குறுகுறுப்பைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், புதிதாகச் சேருகிறவர்கள் அதில்தான் மயங்குகிறார்கள். உச்சியில் எறும்பு ஊரும் உணர்வு வந்ததும் ஏதோ நடக்கிறது என்று புல்லரிக்கும். ஒரு நாள் இடது கைக் கட்டைவிரலில் கவனத்தை அதே பொறுமையோடு வைத்துப் பாருங்கள். அங்கேயும் குறுகுறுக்கும். கட்டைவிரலில் ஆயிரம் இதழ்த் தாமரை இருப்பதாக இதுவரை யாரும் சொல்லவில்லை. பிறக்கும்போது திறந்திருந்த உச்சிக்குழி என்னும் வாசலை மறுபடி திறக்கிறோம் என்று வகுப்பில் ஒரு பாடம் வருகிறது. குழந்தைக்கு ஒன்றரை வயதை ஒட்டி எலும்பு வளர்ந்து அது மூடிக்கொள்கிறது. மூளையைக் காக்க மூடியதை எதற்குத் திறக்க வேண்டும்? இருக்கட்டும்.

என்னை மிகவும் எரிச்சல்படுத்திய சங்கதியைப் பிறகுதான் தெரிந்துகொண்டேன். இந்தச் சக்கர விவரங்களுக்குப் பலரும் ஆதாரமாகக் காட்டுவது பூர்ணானந்தர் 1577இல் வடமொழியில் எழுதிய ஷட்சக்ர நிரூபணம். கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த ஜான் உட்ராஃப் அதை ஆங்கிலத்தில் பெயர்த்து 1919இல் வெளியிட்டார், அதன் வழியாக மேலைநாடுகளுக்கு இது பெரிதும் பரவியது. அந்த நூலில் எண்ணிச் சொல்லப்படும் சக்கரங்கள் ஆறு. சகஸ்ராரம் அவற்றுக்கு மேலே தனியாக இருக்கிறது. இதழுக்கு ஓர் எழுத்தாக வடமொழியின் 50 எழுத்துகள் 20 முறை வர, ஆயிரம் இதழ். நிறம் வெள்ளை, முழுநிலவை விட வெள்ளை. ஊதா அங்கே இல்லை. ஏழு சக்கரத்துக்கு வானவில்லின் ஏழு நிறம் என்ற பங்கீடு இருபதாம் நூற்றாண்டில் மேலைநாட்டில் சேர்ந்துகொண்டது. அதுகூடப் போகட்டும், நிறத்துக்காக நான் சண்டை போடப் போவதில்லை. ஆனால் அந்தத் தாமரை கவிழ்ந்திருக்கிறது. முகம் கீழ்நோக்கி இருக்கிறது என்று தெளிவாகவே சொல்லியிருக்கிறது. விளம்பரத்தில் நிமிர்ந்து மலர்கிறது. குரல் "மேலே, இன்னும் மேலே" என்று தள்ளுகிறது. கவிழ்ந்த பூவின் அடியில் உட்கார்ந்திருக்கிறேன் என்று எண்ணிக்கொண்டு, மேலே தள்ளாமல் கீழே வருவதை வாங்கிக்கொள்கிறவளாக உட்கார்ந்த நாளிலிருந்து என் தலை எவ்வளவோ தேவலை. இதைச் சொல்லித்தர ஒரு வரி போதும். காசு வாங்கியவர்கள் சொல்லவில்லை.

வகுப்பு ஒலிப்பதிவின் பின்னணி ஓசை பற்றி இடையில் ஒரு வார்த்தை. கடல் அலையாம். திடும் திடும் என்று ஏதோ பெருங்கடல் பாறையில் மோதுகிற சத்தம். நான் உட்காருவது மண்டபத்தின் வடக்குக் கரையில் உள்ள வீட்டு மாடியில். சித்திரையில் பாக் விரிகுடாப் பக்கம் அலை என்று சொல்லிக்கொள்ள ஒன்றும் இருக்காது, படகுக் கயிறு கிறீச்சிடுவதுதான் கேட்கும். ஆடிக் கச்சானில் தெற்கே மன்னார் வளைகுடா குமுறும்போதும் வடகடல் அடங்கியே கிடக்கும். நிஜக் கடலை எதிரே வைத்துக்கொண்டு காதுக்குள் யாரோ ஊர்க் கடலை ஊற்றிக்கொள்ள வேண்டியிருந்தது. அந்த ஓசையை மட்டும் அணைக்க வழியில்லை, அணைத்தால் குரலும் சேர்ந்து போகும். இப்போது இரண்டும் இல்லாமல்தான் உட்காருகிறேன்.

நல்லதைச் சொல்லாமல் விட்டால் பாவம் வரும். மனத்தெளிவு வந்தது. விளம்பரத்தில் காட்டும் விதத்தில் அல்ல; ஞாபக சக்தி கூடவில்லை, கணக்கு முன்பைவிட வேகமாக வரவில்லை. வந்தது ஓர் இடைவெளி. படகுகள் கடலுக்குப் போக டோக்கன் கொடுத்த நாள் என்றால் விடியும் முன்பே போன் அடிக்கும். கடனுக்கு ஐஸ் கேட்பவர் பழைய பாக்கியை மறந்துவிட்டு நம்மைத்தான் திட்டுவார். முன்பெல்லாம் அவர் வாக்கியத்தை முடிப்பதற்குள் என் பதில் பாய்ந்துவிடும், அன்று முழுவதும் அந்தச் சண்டை தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். இப்போது அவர் திட்டுவது காதில் விழுகிறது, கோபம் கிளம்புவது தெரிகிறது, கிளம்பிய பிறகு என்ன செய்வது என்று முடிவெடுக்க ஒரு மூச்சு நேரம் கிடைக்கிறது. பெரும்பாலும் பேரேட்டைப் புரட்டிப் பாக்கித் தொகையை மட்டும் படித்துக் காட்டுகிறேன். இதனால் கம்பெனிக்கு வசூல் கூடியிருக்கிறது என்று முதலாளி நினைக்கிறார். என் சம்பளம் கூடவில்லை.

இந்த இடைவெளி உச்சியில் கவனம் வைத்ததால் வந்ததா, தினமும் ஒரே நேரத்தில் அசையாமல் உட்கார்ந்ததால் வந்ததா என்று கேட்டால், இரண்டாவதுதான் என்று என் புத்தி சொல்கிறது. மூச்சைக் கவனித்திருந்தாலும் வந்திருக்கும். ஆனால் மூச்சைக் கவனிக்கும்போது எனக்குத் தூங்கி விழுகிற பழக்கம். உச்சியில் வைத்தால் தூக்கம் வருவதில்லை. அந்த வகையில் இந்தப் பாரத்துக்கும் ஒரு பயன் இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன்.

பிரபஞ்சத் தொடர்பு பற்றி விளம்பரத்தில் உள்ள அளவுக்கு எனக்குப் பேச்சு வராது. சில காலைகளில் தலை எங்கே முடிகிறது, காற்று எங்கே தொடங்குகிறது என்ற கோடு கொஞ்ச நேரம் காணாமல் போகும். கட்டைவிரல் சோதனையில் இது வரவில்லை. அதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசப் போவதில்லை. இராமநாதபுரம் போகும் வழியில் பிரப்பன்வலசை இருக்கிறது. 1894இல் பாம்பன் சுவாமிகள் அங்கே மயானத்தில் குழி வெட்டி, அதற்குள் 35 நாட்கள் தவம் இருந்தார். முருகன் வந்தால்தான் வெளியே வருவேன் என்று உட்கார்ந்தவர். இராமநாதபுரத்தில் தாயுமானவர் சமாதி. மதயானையையும் நடத்திவிடலாம், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பதுதான் அரிது என்று பாடியவர். இப்படிப்பட்டவர்கள் கிடக்கும் மண்ணில் இருந்துகொண்டு "ஏழே நாளில் தெய்வீகத் தொடர்பு" என்ற வரியைப் படிக்கும்போது எனக்குச் சிரிப்பு வருவதைத் தவறென்று சொல்ல மாட்டீர்கள்.

ஒன்றை மட்டும் சிரிக்காமல் சொல்கிறேன். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவர்கள், குரல் கேட்கிறது, பல நாளாகத் தூக்கமில்லை என்கிறவர்கள் இந்த உச்சிப் பயிற்சியைத் தாமாகத் தொடங்க வேண்டாம். முதலில் மருத்துவரிடம் போகட்டும். எங்கள் கடற்கரைக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. மனநோயாளிகளைக் குணம் தேடி அழைத்துவரும் தர்கா உள்ள ஏர்வாடியில், 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தபோது, சங்கிலியில் கட்டப்பட்டிருந்த 28 பேர் ஓட முடியாமல் இறந்தார்கள். இன்று அதே ஏர்வாடி தர்காவில் துவா என்னும் பிரார்த்தனையோடு மருந்தும் சேர்த்துக் கொடுக்கப்படுகிறது. உதவி எண்ணில் பேசும் பையன் எல்லோரையும் ஒரே குரலில் வாழ்த்துகிறான், எதிரே இருப்பவர் யார் என்று கேட்பதே இல்லை. என் கோபத்தில் பாதி இதற்காகத்தான்.

ஆக, பில் போடும் தங்கைக்கு என் பதில்: சேராதே. 1,900க்கும் வேண்டாம், 900க்குக் கொடுத்தாலும் வேண்டாம். ஐந்தில் இரண்டு மதிப்பெண் போடுகிறேன், அதில் ஒன்று காலையில் எழுந்திருக்க வைத்ததற்கு. தியானம் வேண்டுமென்றால் வாத்தியாரைப் போய்ப் பார், இல்லையென்றால் அதிகாலையில் பாயை எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டு மாடிக்கு வா. முதல் மாதம் கவனத்தைக் கீழே இறக்குவது மட்டும்தான் பாடம். உச்சிக்குத் தை பிறந்த பிறகு போகலாம். நானா? நான் நிறுத்தப் போவதில்லை. ஒரு நாள் உட்காராவிட்டால் படகுக்காரர்களிடம் பழையபடி எரிந்து விழுகிறேன், அவர்களே கண்டுபிடித்துக் கேட்கிறார்கள்.

கடைசியாக ஒரு உதவி. அந்த வகுப்பின் ஆண்டுச் சந்தா என் வங்கிக் கணக்கிலிருந்து தானாகக் கழிந்துகொண்டே இருக்கிறது. செயலிக்குள் எங்கே தேடியும் அதை நிறுத்தும் பொத்தான் தென்படவில்லை. வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள். உதவி எண்ணைக் கூப்பிடு என்று மட்டும் சொல்லாதீர்கள்.