கேசட்டா, தட்டா, கோப்பா? அரிய பதிவுகளை எதில் வைத்துக் காப்பது

இசைப் பைத்தியங்கள் நாலு பேர் கூடினால் போதும், பேச்சு ‘எல்பி இசைத்தட்டின் சத்தத்துக்கு ஈடு உண்டா’ என்கிற இடத்துக்கு வந்துவிடும். அந்தச் சண்டையை இங்கே இழுக்கப்போவதில்லை. நல்ல எல்பி, நல்ல சிடி, நல்ல கோப்பு மூன்றுமே என் காதுக்குப் போதும். என் கேள்வி வேறு. பிடித்த ஆல்பங்கள், வேறெங்கும் கிடைக்காத பதிவுகள், யாரோ நமக்கென்று பார்த்துப் பார்த்துத் தொகுத்துத் தந்த மிக்ஸ்டேப்புகள் இவையெல்லாம் இன்னும் இருபது வருஷம் கழித்தும் ஓட வேண்டுமென்றால் எதில் வைப்பது?

என் முடிவை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். எல்லாவற்றையும், ஒலியில் எதையும் இழக்காமல் சுருக்குகிற ஃப்ளாக் வடிவக் கோப்புகளாக்கி, என் கைவசமுள்ள ஹார்ட் டிஸ்க்குகளில் வைத்திருக்கிறேன். கேசட்டுகளைத் தூக்கிப்போடவில்லை. எல்பிகளில் பெரும்பகுதியை வேண்டியவர்களுக்குக் கொடுத்தாயிற்று. ஆகவே இதில் நடுநிலையை எதிர்பார்க்காதீர்கள். கோப்புப் பக்கம் சாய்ந்தவன் போடும் கணக்கு இது.

ஸ்ட்ரீமிங்கை முதலிலேயே ஓரங்கட்டிவிடலாம். புதிதாக ஒன்றைத் தேடிக் கேட்பதற்கு அதைவிட வசதி வேறில்லை. ஆனால் சேகரிப்பு என்ற பேச்சுக்குள் அது வராது. நாம் கேட்டுப் பழகிய மூலப் பதிப்பை (மாஸ்டரை) எடுத்துவிட்டு, சத்தத்தை ஏற்றிவிட்ட ரீமாஸ்டரை அதே அட்டைப்படத்தோடு வைத்துவிடுவார்கள். உரிமம் கைமாறினால் ஆல்பமே காணாமல் போகும். அடுத்தவர் சர்வரை நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு மைஸ்பேஸ் என்கிற சமூக வலைத்தளம் ஒன்றே போதும். 2015 வரை அங்கே ஏற்றப்பட்ட பாடல்கள் சர்வர் மாற்றத்தின்போது அழிந்துபோனதாக 2019-இல் தெரியவந்தது. வேறு பிரதி வைத்துக்கொள்ளாதவர்களுக்குக் கதை அத்தோடு முடிந்தது.

எல்பிக்கு வருவோம். 1948-இல் வந்த வடிவம் இன்றும் அச்சாகிக்கொண்டிருக்கிறது என்பதே அதன் உறுதிக்குச் சாட்சி. வினைல் லேசில் கெட்டுப்போகிற பொருள் அல்ல. செங்குத்தாக நிறுத்தி, வெயில் படாமல் வைத்தால் நம் ஆயுளைத் தாண்டியும் இருக்கும். அட்டையின் அளவும், அதிலுள்ள விவரக் குறிப்புகளும் தனிச் சுகம், அதை மறுக்க மாட்டேன். சிக்கல் ஓட்டுவதில்தான். முள் ஒவ்வொரு முறையும் குழியைக் கொஞ்சம் தேய்த்துக்கொண்டுதான் போகிறது. முள்ளும் தேய்கிறது. தேய்ந்த முள் தட்டையும் சேர்த்துக் கெடுக்கும். இன்னொன்று, தட்டின் விளிம்பில் முள்ளுக்கடியில் நொடிக்கு ஏறக்குறைய 50 சென்டிமீட்டர் ஓடுகிற குழி, கடைசிப் பாட்டுக்கு வரும்போது 20 சென்டிமீட்டர் அளவுக்குச் சுருங்கிவிடும். பக்கத்தின் கடைசிப் பாட்டில் ‘ஸ’கரமெல்லாம் எரிச்சலோடு கேட்பது அதனால்தான். முள்ளைத் தாங்கும் உயர்ரகக் கார்ட்ரிட்ஜ்களில் இது வெகுவாகக் குறையும் என்பார்கள். அந்த விலைக்கு நான் போனதில்லை, அதனால் அந்த வாதத்தை எல்பிக்காரர்களுக்கே விட்டுவிடுகிறேன்.

சிடி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. 1982-இல் சந்தைக்கு வந்தது, 16 பிட், 44.1 கிலோஹெர்ட்ஸ். அச்சடித்த சிடியைக் கீறாமல் வைத்திருந்தால் கவலையில்லை. கோப்பாக எடுக்கும்போது, அதே சிடியிலிருந்து மற்றவர்கள் எடுத்த முடிவோடு பிட் பிட்டாக ஒப்பிட்டுப் பார்க்கும் மென்பொருள்கள் இருப்பது பெரிய நிம்மதி. வீட்டில் எரித்த சிடி-ஆர் வேறு சாதி. அதில் பதிவு உட்கார்ந்திருப்பது ஒரு சாய அடுக்கில். வெளிச்சமும் சூடும் அதை மெல்ல வெளுக்கவைக்கும். மேலே ஒட்டிய காகித லேபிளின் பசை தன் பங்குக்குக் கெடுக்கும். கச்சேரிப் பதிவுகளை ஆளாளுக்கு சிடி-ஆரில் எரித்துப் பரிமாறிக்கொண்ட காலத்து வட்டுகளில் பல இன்று பாதிவரை ஓடிவிட்டுத் திக்குகின்றன.

இனி கேசட். அரிய பதிவுகளின் உண்மையான வீடு இதுதான். 1963-இல் பிலிப்ஸ் கொண்டுவந்தபோது அதை இசைக்கான சாதனமாக யாரும் பெரிதாக நினைக்கவில்லை. 4 மில்லிமீட்டர்கூட அகலமில்லாத நாடா, நொடிக்கு 4.76 சென்டிமீட்டர் வேகம். இந்தச் சிறுமையை வைத்துக்கொண்டுதான் உலகம் முழுக்க ரசிகர்கள் வானொலியிலிருந்தும் மேடையிலிருந்தும் பதிவு செய்து தள்ளினார்கள். அமெரிக்க ராக் குழுவான கிரேட்ஃபுல் டெட் 1984-இல் பதிவு செய்கிறவர்களுக்கென்று அரங்கில் தனி இடமே ஒதுக்கியது. நிறுவனங்கள் வெளியிடாத ஒரு பெரும் வரலாறு இந்தப் பிளாஸ்டிக் பெட்டிகளில்தான் தங்கியிருக்கிறது.

அதனாலேயே கேசட்டின் பராமரிப்பைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். நாடாவை ஹெட்டோடு, அதாவது பதிவை வாசிக்கும் தலையோடு, அழுத்திப் பிடிப்பது, செம்புப் பட்டையில் ஒட்டிய ஒரு சின்னக் கம்பளித் துண்டு. வருஷக்கணக்கில் அந்தப் பசை காய்ந்து துண்டு உதிர்ந்துவிடும். பாட்டு ஓடும், ஆனால் மேல்ஸ்தாயி மங்கி, ஒரு பக்க ஸ்பீக்கரின் சத்தம் ஏறி இறங்கும். நாடா போய்விட்டது என்று நினைத்துப் பலர் கேசட்டையே எறிந்துவிடுகிறார்கள். பெட்டியில் திருகாணி இருந்தால் பாதிப் பிரச்சினை தீர்ந்தது. மூடியைப் படுக்கவைத்துத் திறந்து, இரண்டு சக்கரங்களையும் சிந்தாமல் தூக்கி, நல்ல கேசட் ஒன்றின் கூட்டுக்குள் மாற்றிவிடலாம். திருகாணி இல்லாமல் ஒட்டி மூடிய ரகத்தைக் கத்தியால் நெம்பித்தான் பிளக்க வேண்டும்.

அடுத்தது ஹெட்டின் சாய்வு, அதாவது அஜிமத். பதிவு செய்த மெஷினின் ஹெட் ஒரு இம்மி சாய்ந்திருந்தாலும், உங்கள் மெஷினில் அந்தப் பதிவு போர்வை போர்த்தின மாதிரி கேட்கும். மெஷினை மோனோவுக்கு மாற்றி, ஹெட் பக்கத்திலுள்ள சிறு திருகாணியை நூலளவு நூலளவாகத் திருப்பிப் பாருங்கள். ஒரு புள்ளியில் சிம்பல் சத்தம் பளிச்சென்று வெளியே வரும், அதுதான் இடம். வேலை முடிந்ததும் பழைய நிலைக்குத் திருப்பிவிட வேண்டும், இல்லையென்றால் அடுத்த கேசட் கெட்டுப்போனதாகத் தோன்றும். மெஷினின் வேகம் சரியா என்பதற்கும் ஒரு வழி உண்டு. மின்சாரத்தில் ஓடிய கருவியில் பதிவானதென்றால், பாட்டுக்கு நடுவே வரும் மௌனத்தில் மெல்லிய உறுமல் கேட்கும். பதிவான நாட்டின் மின்சாரத்தைப் பொறுத்து அது 50 அல்லது 60 ஹெர்ட்ஸில் இருக்க வேண்டும். 50 இருக்க வேண்டிய இடத்தில் 52 இருந்தால் மெஷின் வேகமாக ஓடுகிறது.

இவ்வளவையும் ரசித்துச் செய்கிறவன்தான் நான். ஆனால் ஒவ்வொரு தடவை கேட்பதற்கும் இதைச் செய்ய முடியாது, ஒரே ஒரு தடவை ஒழுங்காகச் செய்து கோப்பாக்கிவிடுவதற்காகச் செய்யலாம். இங்கேதான் என் தராசு சாய்கிறது.

கேசட்டோ, தட்டோ, சிடி-ஆரோ, அது கெட்டுக்கொண்டிருக்கிறதா என்று ஓட்டிப் பார்க்காமல் தெரியாது. கேசட்டுக்கும் தட்டுக்கும் ஓட்டிப் பார்ப்பதே தேய்மானம். சுவரில் ஓதம் ஏறுவதுபோல உள்ளுக்குள் நடந்துகொண்டே இருந்து, கண்ணில் படும்போது காரை உதிரத் தொடங்கியிருக்கும். பலநூறு கேசட் வைத்திருக்கிறவர் எல்லாவற்றையும் வருஷத்துக்கு ஒரு முறை கேட்டுச் சரிபார்க்கிறார் என்றால் நான் நம்ப மாட்டேன். ஃப்ளாக் கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. கோப்பின் தலைப்பகுதியிலேயே மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 என்கிற எண் கைரேகை பதிந்திருக்கும். சோதனைக் கட்டளை ஒன்றைக் கொடுத்துவிட்டுத் தூங்கப் போகலாம். காலையில் மொத்தச் சேகரிப்பில் எந்தக் கோப்பில் பிட் மாறியிருக்கிறது என்று பட்டியல் வந்துவிடும். மாறியிருந்தால் அடுத்த டிஸ்க்கிலிருந்து அச்சு அசலான பிரதியை எடுத்து மாற்றிவிட வேண்டியதுதான். கேசட்டிலிருந்து கேசட்டுக்கு நகல் எடுத்தால் தலைமுறைக்குத் தலைமுறை இரைச்சல் கூடும். கோப்பின் நூறாவது நகலும் முதல் நகலும் ஒன்றே. ‘ஒரிஜினல் கெட்டுவிடுமே’ என்று பிடித்த பதிவைக் கேட்காமல் பூட்டி வைக்கும் கொடுமையும் இதில் இல்லை.

சும்மா வருவதல்ல இந்த நிம்மதி. 90 நிமிடக் கேசட்டை ஏற்ற 90 நிமிடம் ஆகும், குறுக்குவழி கிடையாது. 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் ஏற்றினால் சுருக்குவதற்கு முன் சுமார் 3 ஜிபி. சிடி தரத்திலேயே ஏற்றினால் ஒரு ஜிபிக்குள் அடங்கிவிடும். சாதாரணக் கேசட்டுக்கு சிடி தரமே தாராளம். இரைச்சல் நீக்கும் ஆசை வந்தால் அதைத் தனிப் பிரதியில் செய்யுங்கள், கை வைக்காத மூலம் அப்படியே இருக்கட்டும். இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதியைப் போட்டுப் பதிந்ததா இல்லையா என்று சந்தேகமாக இருந்தாலும் இதே விதிதான். டால்பியை அணைத்துவிட்டு ஏற்றிக்கொண்டால் பிறகு மென்பொருளில் அதை அவிழ்த்துக்கொள்ளலாம்.

ஹார்ட் டிஸ்க் சாகாதா என்று கேட்பார்கள். சாகும். கேசட்டாவது குற்றுயிராய் ஓடும், டிஸ்க் போனால் மொத்தமும் போகும். அதனால் மூன்று பிரதிகள், அவற்றில் ஒன்று வேறு கூரையின் கீழே. 2008-இல் யூனிவர்சல் ஸ்டுடியோஸ் தீயில் மூல நாடாக்கள் எரிந்ததன் வீச்சு 2019-இல்தான் வெளியே பெரிதாகத் தெரிந்தது. ஒரே இடத்தில் இருப்பதன் ஆபத்து பெரிய நிறுவனத்துக்கும் உண்டு, நமக்கும் உண்டு. மின்சாரம் கொடுக்காமல் பெட்டிக்குள் வைத்த எஸ்எஸ்டி (சுழலாத சிப் டிஸ்க்) எத்தனை வருஷம் தாங்கும் என்பதில் எனக்கு நீண்ட அனுபவம் இல்லை. சேமித்து வைக்க இன்னமும் சுழலும் டிஸ்க்கைத்தான் நம்புகிறேன்.

கோப்புக்காரர்கள் கோட்டை விடுகிற ஒன்று, குறிப்பு. எந்த மெஷின், எந்த ரக நாடா, எத்தனையாவது நகல், யாரிடமிருந்து வந்தது என்று ஒரு சின்ன உரைக்கோப்பு கூடவே இருக்க வேண்டும். டேப் பரிமாறியவர்கள் இதில் கறாராக இருந்தார்கள். எம்பி3-யிலிருந்து மாற்றிய ஃப்ளாக்கை யாராவது தள்ளிவிட்டால் பிடித்துவிடுவார்கள். 16 கிலோஹெர்ட்ஸ் பக்கம் ஒலியின் அதிர்வெண் படம் (ஸ்பெக்ட்ரம்) கத்தியால் வெட்டியதுபோல நின்றால் பொதுவாக அது எம்பி3-யின் வேலை.

மிக்ஸ்டேப் என்று வந்தால் மட்டும் என் கோப்பு தோற்கிறது. பக்கத்துக்கு 45 நிமிடம் என்கிற கெடுபிடிதான் நல்ல மிக்ஸ்டேப்பை உருவாக்கியது. முதல் பக்கத்தை எந்தப் பாட்டில் முடிப்பது, மிஞ்சிய இரண்டு நிமிடத்தில் எதை நுழைப்பது, எதை விடுவது என்று தொகுத்தவர் மண்டையை உடைத்துக்கொண்டிருப்பார். முடிவில்லாத பிளேலிஸ்டில் அந்த நிர்ப்பந்தம் இல்லை, அதனால் முனைப்பும் இல்லை. பாஸ் பட்டனின் ‘டக்’ ஒலி, அறிவிப்பாளர் குரலின் அரை வார்த்தை, பாதியில் அறுந்த கடைசிப் பாட்டு எல்லாம் அந்த டேப்பைச் சேர்ந்தவை. மிக்ஸ்டேப்பைக் கோப்பாக்கும்போது பாட்டுப் பாட்டாக வெட்டக்கூடாது என்று நான் அடம்பிடிப்பது அதனால்தான். ஒரு பக்கம், ஒரு கோப்பு. கூடவே, கையால் எழுதிய உள்ளட்டையின் ஸ்கேன். தனித்தனியாகத் தெளிவான பாடல்களைத் தேடி எடுத்து அதே வரிசையில் அடுக்கிக்கொள்ளலாமே என்று சிலர் சொல்வார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும், ஆனால் அது வேறு டேப்.

ஏற்றி முடித்த கேசட்டுகளின் மேல்விளிம்புக் காதுகளை உடைத்துவிடுங்கள், தெரியாமல் மேலே பதிந்துவிடாது. ஒரு பக்கம் முழுக்கச் சுற்றி, ஸ்பீக்கர் காந்தத்துக்குத் தள்ளி, நிறுத்தி வையுங்கள். குவியல் மலைப்பாக இருந்தால் சி-120 என்கிற 120 நிமிடக் கேசட்டுகளில் தொடங்குங்கள். வழக்கமான கேசட்டுகளில் மெல்லிய நாடா அதுதான், நீளும், மெஷினுக்குள் சுற்றிக்கொள்ளும். அடுத்து வீட்டில் எரித்த சிடி-ஆர்கள், பிறகு மிக்ஸ்டேப்புகள். கடையில் வாங்கிய ஆல்பங்கள் கடைசிக்குப் போகட்டும், அவற்றுக்கு வேறு யாரிடமாவது பிரதி இருக்கும்.