மூன்று வண்டியும் போன பிறகு விளம்பரம் எதற்கு?

நாச்சியார்கோவிலில் குத்துவிளக்குப் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன வாரம் ராத்திரி பத்தரை மணிக்கு போன் செய்தார். "அண்ணே, ஆப்பையே அழிச்சுட்டேன். அப்பவும் காசு போகுதுண்ணே."

எனக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது. விளம்பரத்தை நிறுத்த அவர் செய்த காரியம், போனிலிருந்த ஆப்பை நீக்கியது. வயலுக்குப் போகாமல் வீட்டில் படுத்துக்கொண்டால் வாய்க்காலில் தண்ணீர் நின்றுவிடுமா? அவருக்குச் சொன்னதையும், சொல்லும்போது எனக்கு ஏறிய கோபத்தையும் சேர்த்து எழுதுகிறேன்.

கும்பகோணத்தில் எனக்கு மூன்று வண்டி. தொழில் பெரும்பாலும் நவக்கிரக டூர். 2019-லிருந்து இணையத்தில் விளம்பரம் கொடுக்கிறேன். தேடினால் மேலே வருகிற விளம்பரம் ஒன்று, சமூக வலைத்தளத்தில் படம் போட்டு, காசு கட்டி அதைப் பலருக்குக் காட்ட வைப்பது, அதாவது பூஸ்ட் செய்வது, இன்னொன்று. எந்தக் கம்பெனி என்று பெயர் சொல்லப்போவதில்லை. அவர்களுக்கு நான் விளம்பரம் செய்வானேன்? காசு கொடுத்து என் விளம்பரத்தைச் செய்யவே நாக்கு தள்ளுகிறது.

விளம்பரத்தை எப்படி வளர்ப்பது என்று சொல்ல ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். எனக்கு அது பிரச்சினையே இல்லை. ஒன்பது கோவிலையும் ஒரே நாளில் பார்க்க வேண்டுமென்றால் வண்டி விடியற்காலை ஐந்துக்குக் கிளம்ப வேண்டும். மத்தியானம் நடை சாத்திவிடுவார்கள். திங்களூர் மேற்கே திருவையாறு பக்கம், கீழப்பெரும்பள்ளம் கிழக்கே பூம்புகார் பக்கம், திருநள்ளாறு காரைக்காலில். ஒரு வண்டி ஒரு நாளில் ஒரு குடும்பத்தைத்தான் கூட்டிப்போக முடியும். ஆக, சனிக்கிழமைக்கு மூன்று வண்டியும் பேசி முடிந்துவிட்டால், அதற்கப்புறம் யாராவது விளம்பரத்தைத் தட்ட விழுகிற ஒவ்வொரு கிளிக்கும் எனக்கு நஷ்டம். காசும் போகும், "வண்டி இல்லைங்க" என்று பத்து பேரிடம் சொல்லிச் சொல்லி வாயும் வலிக்கும். இத்தனை வருடத்தில் நான் அதிகம் தொட்டது நிறுத்துகிற பட்டனைத்தான்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். தேடல் விளம்பரத்தில் அந்த பட்டன் அருமையான பட்டன். கேம்பைன் என்று சொல்கிற விளம்பரத் தொகுப்பின் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பச்சைப் புள்ளி. அதைத் தொட்டால் மூன்று சொல் விரியும். நம் பாஷையில் சொன்னால் ஓட்டு, நிறுத்தி வை, அகற்று. நடுவில் இருப்பதைத் தொட்டால் பச்சை சாம்பல் நிறமாகும். அவ்வளவுதான். ஏன், எதற்கு என்று கேள்வி கிடையாது, யாருக்கும் கடிதம் எழுத வேண்டாம். டீ ஆறுவதற்குள் முடிந்துவிடும்.

அதன் அருமை எனக்குத் தெரிந்தது 2020-இல். மார்ச்சில் கோவில்களை மூடினார்கள். அன்றைக்கே புள்ளியைத் தொட்டு நிறுத்தினேன். மூன்று வண்டியும் கொட்டகையில் தூசி படிந்து நின்றன, பேட்டரி இறங்கிப்போனது. செப்டம்பர் 1-ஆம் தேதி தமிழ்நாட்டில் கோவில்கள் திறந்தபோது வண்டியைக் கிளப்ப மெக்கானிக் வர வேண்டியிருந்தது. விளம்பரத்தைக் கிளப்ப ஒரு விரல் போதுமாயிருந்தது. ஐந்து மாதத்துக்கு மேல் நின்றதற்கு ஒரு பைசா வாடகை இல்லை. நான் எழுதிய வாசகம், எதைத் தேடினால் என் விளம்பரம் வர வேண்டும் என்று பொறுக்கி வைத்த தேடல் சொற்கள், பழைய கணக்கு எல்லாம் வைத்த இடத்திலேயே இருந்தன. அன்றைக்கு அதை எழுதிய இன்ஜினியருக்கு ஓர் அர்ச்சனை செய்திருப்பேன், நட்சத்திரம்தான் தெரியாது.

சமூக வலைத்தளக்காரர் அப்படியில்லை. அங்கே ஏழு நாளோ அதற்கு மேலோ நிறுத்திவிட்டுத் திறந்தால், யாருக்குக் காட்டுவது என்று அந்த மெஷின் மறுபடி முதலிலிருந்து பாடம் படிக்கும். படிக்கும் செலவு நம்முடையது.

சரி, இனி குறைகள். ஒன்று முழுக்க என் தப்பு. ஒரு நாள் கண்ணாடி போடாமல் 'நிறுத்தி வை'க்குப் பதில் 'அகற்று' தொட்டுவிட்டேன். அகற்றினால் அகற்றியதுதான். பழைய கணக்கைப் பார்க்கலாம், திரும்ப ஓட்ட முடியாது. மறுபடி உட்கார்ந்து எல்லாவற்றையும் எழுதினேன். அந்த இரண்டு சொல்லையும் அடுத்தடுத்த வரியில் வைத்த புண்ணியவான் யாரோ தெரியவில்லை. பிரேக்கையும் ஆக்சிலரேட்டரையும் அடுத்தடுத்து வைக்கவில்லையா என்று என் டிரைவர் கேட்டார். நியாயம்தான், பேசாமல் இருந்துவிட்டேன்.

இன்னொன்று, அதே தேடல் விளம்பரத்தின் தினசரி பட்ஜெட். ஐந்நூறு ரூபாய் என்று போட்டால் ஐந்நூறோடு நிற்காது. ஒரே நாளில் அதைப்போல் இரண்டு மடங்கு வரை போகலாம். மாதக் கணக்கில் 30.4 மடங்கைத் தாண்டாது, அதாவது ஐந்நூறுக்கு 15,200 ரூபாய். மாதம் முழுக்க ஓட்டுகிறவருக்கு இது சரியாகிவிடும். என்னைப்போல வெள்ளிக்கிழமை மட்டும் திறந்து அன்று மாலையே அடைக்கிறவருக்கு, ஐந்நூறு நினைத்த இடத்தில் ஆயிரம் போய்விடும். அதனால் ஒரு நாளைக்கு மட்டும் ஓட்டுவதென்றால் மனதில் நினைத்ததில் பாதியைத்தான் போடுகிறேன்.

நாச்சியார்கோவில் தம்பி கதைக்கு வருகிறேன். காவிரி வண்டல் மண்ணில் அச்சு எடுத்து, உருக்கிய பித்தளையை வார்த்து, கடைந்து, மேலே அன்னத்தை வைத்து முடிக்க வேண்டிய வேலை. பட்டறையில் ஐந்து பேர். கார்த்திகைக்கு முன்னால் மூன்று விளக்குப் படத்தைப் போட்டு பூஸ்ட் செய்திருக்கிறார். ஆர்டர் கை கொள்ளாமல் வந்துவிட்டது. நிறுத்த நினைத்து, அதிகம் ஓடிய ஒரு படத்தை மட்டும் அணைத்திருக்கிறார். அதற்கு ஒதுக்கிய காசு மிச்சமாகும் என்று பார்த்தால், மற்ற இரண்டு படமும் அதைப் பங்கு போட்டுத் தின்றிருக்கின்றன. கோபத்தில் ஆப்பை அழித்திருக்கிறார்.

அவரும் விவசாயக் குடும்பம் என்பதால் மதகை வைத்தே சொன்னேன். "தம்பி, மேலே தலைமதகு, அதுதான் கேம்பைன். நடுவில் கிளை வாய்க்கால், யாருக்கு, எவ்வளவுக்கு என்பதெல்லாம் அங்கே. கீழே வயல் மடை, அதுதான் உங்கள் படம். மூன்று மடையில் ஒன்றை அடைத்தால் தண்ணீர் குறையாது, மற்ற இரண்டு வயலில் பாயும். தலைமதகை அடைங்க." திறக்கும்போது இது தலைகீழ். மேலே திறந்தாலும் கீழே தனியாக அடைத்த மடை அடைத்தபடியேதான் இருக்கும். "ஆன் பண்ணிட்டேன், ஓடலையே" என்று ஜனவரியில் இவரே மறுபடி போன் செய்வார் பாருங்கள்.

"அடைச்சுட்டேண்ணே, இன்னும் பில் ஏறுதே?" என்றார் அரை மணி கழித்து. ஏறும். மதகு அடைத்த பிறகும் வாய்க்காலில் நிற்கிற தண்ணீர் வடிய வேண்டுமே. அடைப்பதற்கு முன்னால் விழுந்த கிளிக்குகள் சில மணி நேரம் கழித்துத்தான் கணக்கில் தெரியும். மறுநாள் காலையில் பார்த்து அப்போதும் ஏறினால் சொல்லச் சொன்னேன். போன் வரவில்லை.

கார்டை பிளாக் செய்துவிடலாமா என்றும் கேட்டார். நிறைய பேர் செய்கிற வேலை இது. காசு எடுக்க முடியாவிட்டால் விளம்பரம் நிற்கும்தான், ஆனால் அதுவரை ஓடியதன் பாக்கி உங்கள் பெயரில் அப்படியே இருக்கும், அடுத்த முறை அதைக் கட்டாமல் உள்ளே விடமாட்டார்கள். அக்கவுண்டையே மூடுவதென்றால், முன்பணமாகக் கட்டியதில் மிச்சம் திரும்ப வரும், உடனே எதிர்பார்க்காதீர்கள். அவர்கள் இலவசமாகக் கொடுத்த கூப்பன் பணம் வராது. ஜிஎஸ்டி பதிவு இருப்பவர்கள் மூடுவதற்கு முன்னால் பழைய இன்வாய்ஸ்களை இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். விளம்பரத்துக்குக் கட்டிய 18 சதவீத வரி சின்னத் தொகை இல்லை.

இத்தனைக்கும் எனக்குக் கோபம் வராது. எனக்குக் கோபம் வருவது நிறுத்திய பிறகு.

நிறுத்திய மறுநாள் ஒரு மின்னஞ்சல் வரும்: உங்கள் விளம்பரம் ஓடவில்லை, வாடிக்கையாளர்களை இழக்கிறீர்கள். இழக்கவில்லை ஐயா, மூன்று வண்டியிலும் உட்கார்ந்து வைத்தீஸ்வரன்கோவிலில் வெல்லம் கரைத்துக்கொண்டிருக்கிறார்கள். அப்புறம் ஆப் திறந்தால் சிவப்பில் ஓர் எச்சரிக்கை. அப்புறம் போன். தேனாகப் பேசும் ஒரு பிள்ளை, உங்கள் கணக்கை மேம்படுத்த பதினைந்து நிமிஷம் தாருங்கள் என்று கேட்கும். பட்ஜெட்டைக் குறைப்பது எப்படி என்று நான் கேட்டால் அந்தப் பதினைந்து நிமிஷமும் கூட்டுவது எப்படி என்றே பேச்சு நடக்கும். இது ஒரு தடவை இல்லை, மாதம் ஒருமுறையாவது.

2025 பிப்ரவரியில் அப்படி ஒரு போன். நான் வண்டியில் திருவிடைமருதூர் தாண்டிப் போய்க்கொண்டிருந்தேன். சரி சரி என்று சொன்னேன், நிறுத்தி டீக்கடையில் உட்கார்ந்து அவர்கள் சொன்ன இடத்தையெல்லாம் தொட்டேன். அதில் ஒன்று, கம்பெனி தருகிற பரிந்துரைகளைத் தானாகவே ஏற்றுக்கொள்ளும் அமைப்பு. தொட்டவன் நான், மறுக்கவில்லை. அதன் பிறகு அதுவாகவே புதுத் தேடல் சொற்களைச் சேர்க்க ஆரம்பித்தது. 'சனிப்பெயர்ச்சி' என்பதும் அதில் ஒன்று.

அந்த மார்ச் 29-ஆம் தேதி திருக்கணிதப்படி சனி மீனத்துக்குப் போகிறார். ஊர் முழுக்க அதே தேடல். திருநள்ளாறு கோவிலோ, நாங்கள் வாக்கிய பஞ்சாங்கப்படி நடப்பவர்கள், எங்களுக்குப் பெயர்ச்சி 2026-இல்தான் என்று அறிவித்துவிட்டது. ஆக, கோவிலில் விழா இல்லை, வண்டிக்குத் தேவையும் இல்லை. ராசிபலன் தேடியவர்கள் எல்லாம் என் விளம்பரத்தைத் தட்டியிருக்கிறார்கள். ஒன்பது நாளில் 6,300 ரூபாய். வந்த போன் நாலே நாலு. அதில் ஓர் அம்மா கேட்டது இன்னும் காதில் இருக்கிறது: "தம்பி, மேஷத்துக்கு ஏழரை ஆரம்பிச்சிடுச்சா?"

"அம்மா, நான் வண்டி ஓட்டுறவன்மா."

"அதுக்கென்ன, தெரிஞ்சா சொல்லுங்களேன்."

சொன்னேன். வேறென்ன செய்வது?

அன்று முழு கேம்பைனையும் நிறுத்தவில்லை. அந்தச் சொல்லை மட்டும் நிறுத்தி, 'பலன்', 'பரிகாரம்', 'ராசி' மூன்றையும் வேண்டாத சொற்களின் பட்டியலில் போட்டேன். தானாக ஏற்கும் அமைப்பை ஒவ்வொன்றாகத் தேடி அணைத்தேன். பச்சைப் புள்ளிபோல அது கண்ணெதிரில் இல்லை. பரிந்துரைப் பக்கத்துக்குள் போய், மூலையில் இருந்ததைத் திறந்து, டிக்குகளை எடுக்க வேண்டியிருந்தது. வெள்ளி மாலை மறந்துவிடக்கூடாதென்று, குறித்த நேரத்தில் கேம்பைன் தானாக நிற்கும்படி ஒரு விதியும் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை பிசகவில்லை. ஆனாலும் எட்டு மணிக்கு ஒருமுறை திறந்து பார்க்காமல் சாப்பாடு இறங்காது. வீட்டுக்காரி இதை என் சாயரட்சை பூஜை என்கிறாள்.

அப்போ விளம்பரம் வாங்கலாமா வேண்டாமா என்று தம்பி கேட்டார். நிறுத்தும் பட்டனுக்குப் பத்துக்கு ஒன்பது கொடுப்பேன். நிறுத்தியவனை நிம்மதியாக இருக்க விடாததற்கு எல்லா மார்க்கையும் திரும்பப் பிடுங்கிக்கொள்வேன். உங்களுக்கு விளம்பரம் தேவையில்லை தம்பி, உங்கள் ஊர்க் கோவிலில் கல் கருடனைப் பார்க்க வருகிறவர்கள் வழியில் உங்கள் கடையைத் தாண்டித்தானே போகிறார்கள் என்று சொல்லிவிட்டேன். நான் நிறுத்துவேனா என்று கேட்டால் அது வேறு விஷயம். 2028-இல் மகாமகம் வருகிறது.

இன்று வியாழன். மூன்று வண்டியும் ஆலங்குடிப் பக்கம் போயிருக்கின்றன. புள்ளி சாம்பலாகத்தான் இருக்கிறது, இப்போதுதான் பார்த்தேன். ஏதோ தெரியாத நம்பரிலிருந்து போன் அடிக்கிறது. எடுக்கப்போவதில்லை.