இணைய வேகத்தைத் திருத்தித் தந்த பம்பலப்பிட்டிக் கடை

பம்பலப்பிட்டி யூனிட்டி பிளாசாவின் மேல்மாடியில் உள்ள ஒரு சிறிய கணினித் திருத்தகம் வீட்டுக்கே வந்து இணைய இணைப்பைச் சரிபார்த்துத் தருகிறது. தேவையற்ற ஒரு பொருளைக்கூட அவர்கள் என் தலையில் கட்டவில்லை. அதற்காகவே இதை எழுதுகிறேன்.

லண்டனில் பிடிக்கப்படும் கல்யாண வீடியோக்களை வெள்ளவத்தையில் இருந்தபடி தொகுத்துக் கொடுப்பது என் தொழில். 300 மெகாபிட் பைபர் இணைப்புக்கு மாதாமாதம் பணம் கட்டுகிறேன். வேகச் சோதனையோ 94ஐத் தாண்டவே இல்லை. லண்டனிலிருந்து 10 ஜிகாபைட் கோப்பு ஒன்று இறங்க ஆறு மணி நேரத்துக்கு மேல் எடுத்தது. முன்பு கேட்ட வேறொரு கடையில் புதிய ரூட்டர் வாங்கச் சொன்னார்கள்; வேகம் கூட்டும் மென்பொருள் என்று ஒன்றையும் கணினியில் ஏற்றிவிட்டார்கள்.

இம்முறை வந்த தம்பி 94 என்ற எண்ணைப் பார்த்தவுடனேயே, "அக்கா, இது கம்பியில் உள்ள கோளாறு" என்றார். ரூட்டரிலிருந்து கணினிக்கு வரும் கம்பிக்குள் எட்டு இழைகள் உண்டு. 100 மெகாபிட்டுக்கு நான்கு போதும். அதற்கு மேல் ஜிகாபிட் (1,000 மெகாபிட்) வேகத்துக்கு எட்டும் வேண்டும். மற்ற நான்கில் ஒன்று அறுந்தாலும் கணினியும் ரூட்டரும் பெரும்பாலும் தாமாகவே 100க்கு இறங்கிக்கொள்ளும். சோதனைக் கருவியை மாட்டினார். விளக்குகள் ஒன்றிலிருந்து ஆறு வரை வரிசையாக எரிந்தன. ஏழும் எட்டும் எரியவில்லை. முனையை வெட்டிக் காட்டினார்: மண்ணிற இழைகள் இரண்டும் பச்சை பூத்து இற்றுப்போயிருந்தன. கடற்கரைப் பக்கத்து வீடுகளில் இதை அடிக்கடி பார்ப்பதாகச் சொன்னார். இழைகளை நிற வரிசையில் அடுக்கிப் புதிய முனை அழுத்தியதும் சோதனை 290ஐத் தொட்டது.

நான் மகிழ்ந்துபோய்ப் பணத்தை எடுத்தேன். அவர் உட்கார்ந்தே இருந்தார். "லண்டன் கோப்பு இன்னும் மெதுவாகத்தான் வரும், பாருங்கள்" என்றார். அப்படியே வந்தது. அந்த வேகம் கூட்டும் மென்பொருள் விண்டோஸின் ஆட்டோ-டியூனிங் வசதியை நிறுத்தி வைத்திருந்தது. 2007இல் வெளிவந்த விஸ்டா காலத்திலிருந்து விண்டோஸ், தூரத்துக்கு ஏற்பத் தரவு வாங்கும் அளவைத் தானே கூட்டிக்கொள்கிறது. அதை நிறுத்தினால் ஒரு தடவைக்கு 64 கிலோபைட்தான் வாங்கும். பிறகு பதில் போய்ச் சேரும்வரை காத்திருக்கும். லண்டன் போய்த் திரும்ப 150 மில்லிசெகண்ட் என்றால், எவ்வளவு பெரிய இணைப்பானாலும் விநாடிக்கு மூன்றரை மெகாபிட்டுக்கு மேல் வராது. இந்தக் கணக்கை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்டினார். என் ஆறு மணி நேரத்துடன் அச்சொட்டாகப் பொருந்தியது. மென்பொருளை நீக்கி, விண்டோஸிலேயே உள்ள நெட்ஷ் என்ற கட்டளையால் பழைய நிலைக்குக் கொண்டுவந்தார். இப்போது அதே அளவுக் கோப்பு அரை மணி நேரத்தில் இறங்குகிறது.

வைஃபையையும் பார்த்தார். எங்கள் தொடர்மாடியில் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் நெரிசல் தாங்க முடியாதது என்பதால் கைபேசிகளை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றிவிட்டார்.

விலை உயர்ந்த கேட் 7 கம்பி போடலாமா என்று நானே கேட்டேன். வேண்டாம் என்றார், 100 மீட்டர் வரை ஜிகாபிட்டுக்கு அதைவிடக் கீழ்த் தரமான கேட் 5இ கம்பியே போதுமாம். வந்துபோன கூலியும் முனையின் விலையும் சேர்த்து 2,500 ரூபாய்தான் வாங்கினார். ஒரு குறை உண்டு: கடையை மூடிய பிறகுதான் வீடுகளுக்கு வருகிறார்கள். அவசர வேலை உள்ளவர்கள் கணினியைக் கடைக்கே தூக்கிச் சென்றாலும் கம்பிக் கோளாறு அங்கே பிடிபடாது. ஆகவே முன்கூட்டியே நாள் கேட்டு வையுங்கள்.